பழைய தேக்குப் பெட்டிக்குப் புதுக் கோலம்: பெயின்ட் ஏன் உரிகிறது?

எங்கள் கோட்டைப்பட்டினம் பக்கம் பழைய வீடு ஒன்று இடிபட்டால், உள்ளே இருக்கும் மரச்சாமானுக்கு இரண்டு வழிதான். நல்லதாக இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். கொஞ்சம் சுமாராக இருந்தால் வீட்டிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய பெட்டி, அலமாரி, தொட்டில் மேல் இப்போது பூ, கொடி, கோலம் என்று கையால் வரைந்து புதுசாக்கும் ஆசை நிறைய பேருக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வரைந்த ஒரு மழைக்காலத்திலேயே பெயின்ட் பொரிந்து உதிர்வதைப் பார்க்கிறோம். கடைக்காரர் கொடுத்த பெயின்ட் சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் பெயின்ட் இல்லை, மரம்.

மரம் செத்த பொருள் மாதிரி தெரிந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஊதும், விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது, குறுக்குவாக்கில்தான் அதிகம். கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவில் பலகை வருஷா வருஷம் மூச்சு விடுகிறது. மேலே இருக்கும் பெயின்ட் படலம் அதோடு சேர்ந்து நீளவில்லை என்றால் வெடித்துவிடும்.

தேக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. கரையான் அண்டாமல் காப்பதில் அதற்குள் இருக்கும் எண்ணெய்ப் பசைக்கும் பங்கு உண்டு. அதே பசைதான் பெயின்டைப் பிடிக்கவிடாமல் தள்ளுகிறது. வெள்ளை அடித்தால் சில நாளில் மஞ்சள், பழுப்புக் கறை மேலே கசிவதும் இதனால்தான்.

இதற்கு மருந்து நம் நாட்டிலேயே இருக்கிறது: அரக்கு. ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரப்பது. அதைச் சுத்தம் செய்து செதிலாக்கினால் அவலரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்தால் அதுதான் ஆசாரிகள் சொல்லும் பிரெஞ்ச் பாலிஷுக்கு அடிப்படை. மரத்தின் கறையை மேலே வரவிடாது, அநேகமாக எல்லாப் பரப்பிலும் ஒட்டும், தன் மேலும் வேறு பெயின்டை ஒட்டவிடும். மெழுகு நீக்கிய அரக்காகக் கேட்டு வாங்குங்கள். மெழுகு இருந்தால் மேலே வரும் வாட்டர் பெயின்ட் சரியாகப் பிடிக்காது.

வரிசை இதுதான். உப்புத்தாளில் 120, பிறகு 220 எண். தூசி துடைத்து, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையை எடுக்கணும். காய்ந்ததும் தாமதிக்காமல் அரக்கு இரண்டு கை. அதற்கு மேல் அக்ரிலிக் பெயின்டில் வரையலாம். கடைசியாக வார்னிஷ். வெளிப்பக்கம் மட்டும் பூசி உள்பக்கத்தை வெறுமனே விட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் ஈரம் குடித்துப் பலகை வளையும். உள்ளேயும் ஒரு கை அரக்கு போட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தேய்ப்பதற்கு முன்னால், ஏற்கெனவே மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் பழைய அரக்கு பாலிஷ். பயமில்லை. அசையவில்லை, பச்சையோ மஞ்சளோ கெட்டியாக நிற்கிறது என்றால் எனாமல் பெயின்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே நிற்கணும். இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் வீடு முழுக்க ஈயத் தூசி. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதற்குமேல் போனால்தான் ஆபத்து என்று ஒரு எல்லைக்கோடும் இல்லை. பழைய தொட்டிலைப் பேரப்பிள்ளைக்காகப் புதுப்பிக்கிறோம் என்று இதைச் செய்துவிடக் கூடாது. குழந்தை கடிக்கக்கூடிய கம்பி, விளிம்பு உள்ள சாமானில் பழைய எனாமல் இருந்தால் அதைக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பதே சரி. மற்ற சாமான் என்றால் சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்து, மேலே அரக்கு பூசி மூடிவிடலாம்.

இனி டிசைன். நம்மிடம் இருப்பது சிக்குக் கோலம். சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். பள்ளிக்கூட மீ.பொ.கா. போதும். செவ்வகமாகப் புள்ளி வைத்து, கோடு புள்ளிகளுக்கு நடுவில் சாய்வாக ஓடி, ஓரத்தில் வளைந்து திரும்பும் எளிய சிக்குக் கோலத்தில், எத்தனை தனிக் கோடுகள் வரும் என்பது நீள, அகலப் புள்ளி எண்ணிக்கையின் மீப்பெரு பொதுக் காரணிதான்.

உதாரணமாக 36 அங்குல நீளம், 20 அங்குல அகலம் உள்ள பெட்டி மூடி. 4 அங்குலக் கட்டங்களாகப் பிரித்து நடுவில் புள்ளி வைத்தால் 9×5. பொதுக் காரணி 1. ஒரே கோடு, எடுத்த இடத்தில் வந்து முடியும். அகலம் 24 அங்குலம் என்றால் 9×6, மூன்று கோடு. மூன்று வண்ணம் கொடுக்கலாம். பிரஷ்ஷைத் தொடும் முன்னே எத்தனை வண்ணம் வாங்கணும் என்று தெரிந்துவிடும். முதலில் சாக்பீஸில் போட்டுப் பாருங்கள், அரக்கு மேல் ஈரத்துணியில் அழிந்துவிடும்.

கடைசியாக, எதைத் தொடக்கூடாது? பர்மாத் தேக்கு என்று தெரிந்து, இழை ஓட்டம் அழகாக இருக்கும் சாமான். அந்தப் பழுப்பு நிறம் பல பத்தாண்டுகள் வெளிச்சமும் கைப் புழக்கமும் கொடுத்தது. ஒரு மணி நேர உப்புத்தாளில் போய்விடும், திரும்ப வராது. அதேபோல் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து வந்த மரவை. அதன் மேல் இருப்பது நம் அரக்கு இல்லை, அங்குள்ள ஒரு மரத்தின் பால். அதன் மேல் இன்னொரு படம் வரைய நமக்கு வேலை இல்லை. பிளைவுட் ஸ்டூல், வேம்புப் பலகை, ஒட்டுப் போட்ட அலமாரி, நிறம் கெட்ட பெட்டி, இவைதான் தூரிகைக்கு ஏற்றவை. அடியில் அரக்கு இருப்பதால் நிறம் மரத்தின் துளைக்குள் இறங்காது. நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கோலம் பிடிக்காமல் போனால், அவர்கள் எடுத்துவிட்டு மரத்தை மீட்டுக்கொள்ளலாம். அந்த வசதியை அவர்களுக்கு விட்டுவைப்பது நல்லது.