மறைநோய் காட்டும் கருவி

ஆலங்காயத்தை அடுத்துச் சவ்வாது மலைமேல் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி பொருந்திய பெருந்தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகின்றது. பின்புலம் இருண்டிருப்பதனாலன்றோ மங்கிய விண்மீனும் அதற்குப் புலனாகின்றது! இவ்வுண்மையே மண்டையோட்டினுள் மறைந்துள்ள நோயைக் காணவும் துணைபுரிகின்றது.

நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்றுநோயின் உயிரணுக்கள் சில வேளைகளில் குருதியோடு சென்று மூளையில் தங்கிவிடுவதுண்டு. அவை கடுகளவு கட்டிகளாய் இருக்குங்கால் தலைவலியும் தோன்றாதிருக்கலாம். குறி தோன்றுமுன் அந்நோயை அறிவது எங்ஙனம்?

அதற்கு உதவுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படக் கருவி. இதில் ஊடுகதிர் இல்லை. புவியின் காந்தத்தினும் பல்லாயிரம் மடங்கு வலிய காந்தத்தினுள் நோயாளி படுக்கவைக்கப்படுகின்றார். வானொலி அலைகளைச் செலுத்தி நிறுத்தியதும், உடல்நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் நுண்ணிய குறிப்பலைகளை வெளியிடுகின்றன. கணிப்பொறி அவற்றைப் படமாக்குகின்றது. இம்முறைக்கு வழிவகுத்த பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவரும் 2003-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆயினும் மிகச் சிறிய கட்டி வெறும் படத்தில் எளிதில் தெரியாது. ஆதலின், கடோலினியம் கலந்த மருந்தைக் குருதிக்குழாயில் செலுத்துவர். நலமான மூளையின் நுண்குழாய்கள் அம்மருந்தை வெளியே விடா. கட்டியுள்ள இடத்திலோ அக்காவல் பழுதுற்றிருக்கும். அங்கு மருந்து கசிய, அவ்விடம் இருள்வானத்து விண்மீன்போல் ஒளிர்கின்றது. சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் இவ்வாறு வெளிப்படும்.

ஒளிர்வன எல்லாம் கட்டியல்ல. கதிர்மருத்துவத்தால் நைந்த திசுவும் அவ்வாறே ஒளிரும். அவ்வேளையில் குருதியோட்டத்தை அளக்கும் புதிய படமுறை கைகொடுக்கின்றது. மீண்டும் வளரும் கட்டியில் குருதியோட்டம் பெரும்பாலும் மிகும். நைந்த திசுவில் குறையும்.

காலத்தில் காண்பதன் பயன் யாது? கட்டிகள் சிறியனவாயும் சிலவாயும் இருப்பின், மூளை முழுவதும் கதிர் பாய்ச்ச வேண்டுவதில்லை. கட்டியின்மீதே குறிபார்த்துச் செலுத்தலாம். அதனால் நினைவாற்றலுக்கு நேரும் கேடு குறையும்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் அத்துயரில் மூழ்கிவிடாது அயராமல் முயன்றதன் பயனாக, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அவர்போன்றோர் தேடிய வழியையே இன்றைய கருவிகளும் விரிவாக்குகின்றன.

எனினும், கருவி தானே வந்து நோயாளியைத் தேடாது. புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றவர்க்கு ஓயாத தலைவலியோ, வலிப்போ, கைகால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ தோன்றின் உடனே மருத்துவரை நாடல் வேண்டும். வீட்டிலுள்ளோர் அதனை முதுமையின் சோர்வெனத் தள்ளிவிடலாகாது. நோயை வெல்லும் முதற்படி, அதனைக் காலத்தில் காண்பதே ஆகும்.