மருந்துப் போத்தலைத் திறக்குமுன் வயலைப் படிப்போம்

புதிய தொழில்நுட்பத்தை எப்படித் தெரிவுசெய்வது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது, எப்போது கைவிடுவது என்பவற்றைக் கற்பிக்கும் பயிற்சிநெறிகள் நகரங்களில் நடைபெறுகின்றன. தொழில்நுட்ப முகாமைத்துவம், புத்தாக்க முகாமைத்துவம் என்று அவற்றுக்குப் பெயர். கம்பனி அதிகாரிகள் பணம் கட்டி அவற்றைப் பயில்கின்றனர்.

ஆனால் ஒரு கமக்காரக் குடும்பமும் ஒவ்வொரு போகத்திலும் இதே முடிவுகளைத்தான் எடுக்கிறது. புது நெல்லினம், புதுப் பசளை, புது மருந்து என்று வாசலுக்கு வருபவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது? கம்பனியில் முடிவு பிழைத்தால் நட்டம் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படும். நகையை அடைவு வைத்துக் குத்தகைக் காணியில் பயிர் செய்யும் இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிழைத்தால் நகையும் மீளாது, அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் இராது. ஆகவே இப்பயிற்சி எமக்கே முதலில் தேவை. கமக்காரருக்கு ஏற்ற வடிவில் அது உருவான இடம் இந்தோனேசியா.

அங்கு 1970களிலும், மீண்டும் 1985-86 காலத்திலும் கபிலநிறத் தத்தி நெல்வயல்களைப் பெருமளவில் அழித்தது. அரசு மானிய விலையில் கிருமிநாசினி வழங்கிவந்தது. கமக்காரரும் மேலும் மேலும் அடித்தனர். தத்தியோ பெருகியது. காரணம் இதுதான்: தத்தி தன் முட்டைகளை நெற்பயிரின் மடலுக்குள் இடுகிறது. மருந்து வெளியில் உள்ளவற்றைக் கொல்ல, முட்டைகள் தப்பிவிடுகின்றன. தத்தியைத் தின்னும் சிலந்திகளும் மருந்தில் மடிகின்றன. முட்டை பொரித்துக் குஞ்சுகள் வரும்போது அவற்றைத் தின்ன வயலில் எதுவும் இல்லை.

1986 நவம்பரில் இந்தோனேசிய அரசு 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பாவிக்கக் கூடாதெனத் தடைசெய்தது. தடை மாத்திரம் போதாது என்பதை உணர்ந்து, 1989இல் உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் கமக்காரர் வயற் பாடசாலைகளைத் தொடங்கியது. பத்தாண்டுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கமக்காரர் அவற்றில் பயின்றனர்.

அங்கு கரும்பலகை இல்லை, வயலே வகுப்பறை. ஏறத்தாழ 25 பேர் கொண்ட குழு, ஒரு போகம் முழுவதும் வாரம் ஒரு முறை கூடும். அருகருகே இரு பாத்திகள்: ஒன்றில் வழமைபோல் மருந்து, மற்றதில் வயலைப் பார்த்த பின்னரே முடிவு. ஐவர் ஐவராக வயலில் இறங்கிப் பயிரின் மட்டங்களையும், பூச்சிகளையும், சிலந்திகளையும் எண்ணுவர். கண்டதைப் படமாக வரைவர். இந்த வாரம் என்ன செய்வது என்பதை வாதாடித் தீர்மானிப்பர். இளம் பயிரின் இலைகளைக் கத்தரியால் வெட்டிவிட்டு, புழு தின்ற பயிர் எவ்வாறு மீண்டும் தழைக்கும் என்பதையும் தம் கண்ணாலேயே காண்பர். பயிற்றுநர்களும் முதலில் சேற்றில் இறங்கி நெல் விளைவித்த பின்னரே பிறருக்குக் கற்பிக்க வந்தனர்.

மருந்தே வேண்டாம் என்பதல்ல இப்பயிற்சியின் நோக்கம். தேவையா, இல்லையா என்று பார்த்து முடிவெடுக்கும் ஆற்றலை வளர்ப்பதே நோக்கம். இந்த ஆற்றலை வளர்க்காமல் கட்டளையால் மாற்றம் கொண்டுவந்தால் என்ன நேரும் என்பதை எமது நாடு 2021இல் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மாற்று வழியைப் பழகக் கமக்காரருக்கு ஒரு போகம்கூடக் கிடைக்கவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும், அந்தக் காலபோக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

வயற் பாடசாலைகள் 1990களில் இலங்கைக்கும் வந்தன. தென்னிலங்கையில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு இரு விடயங்களைக் காட்டியது. பயின்றவர்கள் பூச்சிமருந்து அடிப்பதைக் குறைத்திருந்தனர். ஆனால் அவர்கள் கற்றது அயலவருக்கு அவ்வளவாகப் பரவவில்லை. அடுத்த வரம்பில் நிற்பவருக்கும் அறிவு தானாகப் போய்ச் சேருவதில்லை, வலிந்து கொடுத்தால்தான் சேரும்.

ஆகவே எமது குழுக்களுக்கு நாம் கூறுவது இதுதான். வரும் போகத்தில் காணிச் சொந்தக்காரரின் சம்மதத்துடன் வயலின் ஒரு மூலையை மாத்திரம் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். முழு வயலையும் பணயம் வைக்க வேண்டாம். வாரம் ஒரு நாள் கூடிப் பாருங்கள், எண்ணுங்கள், கொப்பியில் குறியுங்கள். விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள். அவர் சொல்வதையும் அந்த மூலையிலேயே சோதியுங்கள். கணவர் மாத்திரமன்றி மனைவியும் வரட்டும். நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் பெரும்பாலும் பெண்களே. பயிரை அருகில் நின்று காண்பவரும் அவர்களே. ஒவ்வொருவரும் தாம் கற்றதைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்குச் சொல்லிக் கொடுக்கப் பொறுப்பேற்கட்டும்.

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் ஓர் உவமை சொன்னார். அந்தக் கணக்கிடுதலே முகாமைத்துவம்.

செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்தவர் இன்று அறியாத களிமண்ணில் நெல் விதைக்க நேர்கிறது. தண்ணீர்ப் பம்பையும் உழவு இயந்திரத்தையும் விட்டுவந்தவர்கள் பலர். புதிய மண்ணைப் படித்தறியப் பழகிய கண்ணை மாத்திரம் எவரும் விட்டுவர வேண்டியதில்லை. எங்கு போனாலும் அது எம்மோடு வரும். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளிலும் வரும்.