அலுவலகத்தில் திறக்கும் டேட்டாபேஸ் வீட்டிலிருந்து ஏன் திறப்பதில்லை?

சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் மைஎஸ்க்யூஎல் ஒழுங்காக ஓடுகிறது. வெளியிலிருந்து அழைத்தால் மட்டும் இணைப்பு கிடைப்பதில்லை. ஏன்? பலரும் முதலில் பாஸ்வேர்டைத்தான் சந்தேகிப்பார்கள். பிழைச் செய்தியைப் படியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், அழைப்பு பெரும்பாலும் சர்வர்வரை போய்விட்டது. 3306ஆம் போர்ட்டில் அதை வாங்கத்தான் ஆளில்லை. உபுண்டுவில் நிறுவும் மைஎஸ்க்யூஎல், யாரும் மாற்றாதவரை, 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே காத்திருக்கும். கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி அது. மைஎஸ்க்யூஎல் அமைப்புக் கோப்பில் உள்ள பைண்ட்-அட்ரஸ் வரியைத் திருத்தி, சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். (திருத்திவிட்டுத் தொடங்க மறப்பவர்களே அதிகம்.) பதிலே வராமல் நேரம் கடந்தால், ஃபயர்வால் அழைப்பைச் சத்தமின்றி விழுங்கியிருக்கலாம், அல்லது ரவுட்டர் உள்ளே விடவில்லை.

1130 என்ற எண்ணோடு மறுப்பு வந்தால் நல்ல சேதி: வழி திறந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் பயனரைப் பெயரோடு, வரும் இடத்தையும் சேர்த்தே அடையாளம் காண்கிறது. லோக்கல்ஹோஸ்டுக்கென்று உருவாக்கிய கணக்கு வெளியிலிருந்து செல்லாது; நீங்கள் அழைக்கும் இடத்தின் முகவரிக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அவசரத்தில் 3306ஐ இணையம் முழுவதற்கும் திறந்துவிடாதீர்கள். விபிஎன் அல்லது எஸ்எஸ்ஹெச் வழியாகவே நுழையுங்கள்.