எரிந்தால்தான் மருந்தா?

சவரம் முடிந்ததும் உள்ளங்கையில் நாலு சொட்டு ஆஃப்டர் ஷேவ் ஊற்றி, கன்னத்தில் அறைந்தாற்போல் தடவி, அந்தச் சுரீரைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது பல ஆண்களுக்கு வழக்கம். எரிகிறது என்றால் கிருமி சாகிறது என்று ஒரு நம்பிக்கை. 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கிருமி சாவது உண்மைதான். ஆனால், எரிச்சல் அதற்கு அத்தாட்சி அல்ல. ஒரு கிருமிகூட இல்லாத தோலும் அதே அளவு எரியும்.

நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் அது திறந்துகொண்டு, ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் இதே புரதத்தைத்தான் திறக்கிறது. 1997-இல் இதை அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-இல் ஆர்டெம் படாபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எத்தனால் பட்டதும் இந்தப் புரதம் திறக்கும் வெப்பநிலை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. முகத்தோலின் இயல்பான சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, தன் சொந்தச் சூட்டையே நெருப்பு என்று தோல் எடுத்துக்கொள்கிறது. அதே பாட்டிலில் மெந்தால் இருந்தால், அது குளிரை உணரும் வேறொரு புரதத்தைத் திறந்து ‘ஜில்’ என்ற உணர்வைத் தருகிறது. அந்தக் குளிர்ச்சியில் ஒரு பங்கு ஆல்கஹால் ஆவியாவதால் வருவது. மீதியெல்லாம் நரம்பு தரும் தகவல் மட்டுமே.

அப்படியானால் சவரம் செய்த முகத்துக்கு உண்மையில் என்ன தேவை? பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. தோலின் மேலோட்டில் கொஞ்சத்தையும் சுரண்டிக்கொண்டு போகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்கு கனமே உள்ள அந்த மெல்லிய ஓடுதான் உடலின் ஈரத்தை உள்ளே பிடித்துவைப்பது. சோப்பு நுரை வேறொரு வேலை செய்கிறது. நல்ல நிலையில் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையுடன், பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். 1928-இலேயே ஹைன்ரிக் ஷாடே, ஆல்ஃபிரட் மார்கியோனினி என்ற இரு ஜெர்மானியர்கள் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சோப்பின் பிஎச்சோ 9, 10 என்று காரத்தில் நிற்பது. ஆகவே சவரத்துக்குப் பிந்தைய மருந்து செய்யவேண்டியவை மூன்று: சிறு வெட்டுகளை அடைப்பது, போன அமிலத்தன்மை சீக்கிரம் திரும்ப உதவுவது, ஈரத்தைத் தங்கவைப்பது. இதில் முதல் இரண்டையும் செய்யும் பொருள் எல்லா நாட்டு மருந்துக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கிறது. அதுதான் படிகாரம்.

பொட்டாசியமும் அலுமினியமும் சல்பேட்டும் சேர்ந்த உப்பு இது. ஒவ்வொரு மூலக்கூறும் 12 தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிவைத்திருக்கிறது. கையில் கல்லாக இருக்கும் கட்டியின் எடையில் 45 சதவீதம் தண்ணீர் என்றால் நம்ப முடிகிறதா? வாணலியில் போட்டால் 92 டிகிரியை ஒட்டி உருகி, நீர் போகப்போகப் பொரிந்து உப்புவது அதனால்தான்.

கலங்கல் நீரில் படிகாரத்தைச் சுற்றினால் தெளிவதை வீட்டில் பார்த்திருப்போம். மண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை அடியில் படிவதில்லை. மூன்று நேர்மின்னூட்டம் சுமந்த அலுமினிய அயனி வந்ததும் அந்தத் தள்ளல் அடங்குகிறது, துகள்கள் திரண்டு கீழே இறங்குகின்றன. வெட்டுப்பட்ட இடத்தில் அதே அயனி இரத்தத்திலும் திசுநீரிலும் உள்ள புரதங்களைத் திரளச் செய்கிறது. திரண்ட புரதம் சிறு வெட்டின் வாயை அடைத்துவிடுகிறது, சுற்றியுள்ள திசுவும் இறுகுகிறது. படிகார நீருக்கு அமிலத்தன்மையும் உண்டு. சோப்பு விட்டுப்போன காரம் அதில் அடங்கிவிடும். சவரத் தொழிலாளர்கள் தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்த இந்தக் கட்டி, மெந்தால் பாட்டில்களைவிட மேலானது என்பதே என் தீர்மானமான எண்ணம்.

ஆனால் கட்டியைப் பொதுவில் பயன்படுத்தக் கூடாது. இரத்தம் கசிந்த ஒரு கன்னத்தில் தேய்த்ததை அடுத்தவர் கன்னத்திலும் தேய்த்தால், படிகாரம் தொற்றைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கக்கூடியது. சலூனில் புது பிளேடு கேட்கும் நாம் படிகாரத்தைப் பற்றியும் கேட்கவேண்டும். நீராகக் கரைத்து, தொடாமல் தெளிக்கச் சொல்லலாம்.

வீட்டில் செய்வது எளிது. கொதிக்கவைத்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் கால் தேக்கரண்டி படிகாரத் தூள், ஏறக்குறைய 1 கிராம், போட்டுக் கரைத்தால் போதும். அறை வெப்பநிலையில் அதே அளவு தண்ணீர் 10 கிராமுக்கு மேலும் கரைத்துக்கொள்ளும் என்பதால் கை தாராளமாகப் போய்விடும். போகவிடாதீர்கள். அதிகமானால் தோல் வறண்டு இழுக்கும். தடவி ஒரு நிமிடம் விட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவிவிடவேண்டும். வாங்கும்போது படிகாரம் என்று கேட்டு வாங்குங்கள். அதே கடையில் வெங்காரமும் வெள்ளையாகத்தான் இருக்கும். அது காரத்தன்மை கொண்டது, முகத்துக்கு நேர்மாறான வேலையைச் செய்யும்.

மூன்றாவது தேவையான ஈரத்துக்குச் சோற்றுக்கற்றாழை. அதன் சோறு 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் இருக்கும் கூட்டுச் சர்க்கரைகள் அந்த நீரை வழவழப்பாகப் பிடித்துவைக்கின்றன. மடலை வெட்டியதும் தோலடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதிலுள்ள அலோயின் எரிச்சல் தரக்கூடியது. வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் சாய்த்துவைத்து, மஞ்சள் முழுக்க வடிந்தபின் கழுவிச் சோற்றை எடுங்கள். இதைப் படிகார நீரோடு கலக்கவேண்டாம். ஒன்று கழுவிவிடவேண்டியது, மற்றொன்று முகத்தில் தங்கவேண்டியது. கற்றாழை கிடைக்காத நாளில், 100 மில்லி பன்னீரில் ஒரு தேக்கரண்டி கிளிசரின் கலந்து பூசலாம். ரோஜா இதழைக் காய்ச்சி வடித்த பன்னீராக அது இருக்கவேண்டும். விசேஷங்களில் தெளிப்பதற்கென்று விற்கும் பல பாட்டில்களில் செயற்கை வாசனைதான் இருக்கிறது.

வாசனை வேண்டுமே என்பவர்களுக்கு உலகம் சுற்றிய ஒரு பழைய சரக்கு நினைவுக்கு வரலாம். கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில், கிராம்பு மணம் வீசும் ஒரு மரத்தின் இலைகளை ரம்மோடு சேர்த்து வடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ‘பே ரம்’ என்ற பெயரில் அது முடிதிருத்தகங்களில் பரவியது. மணத்துக்குக் காரணம் யூஜெனால். கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்பிலும் அதுவேதான். அதற்காக வீட்டில் ஸ்பிரிட் வாங்கிக் கலக்கும் ஆசையே வேண்டாம். பெயின்ட் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும், மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் விஷம். ஆல்கஹால் இல்லாத நீரில் கிராம்பு எண்ணெய் கலப்பதும் தவறு. எண்ணெய் கரையாமல் தனியே பிரிந்து நிற்கும். என்றோ ஒரு நாள் கன்னத்தில் படும் சொட்டு கலப்பே இல்லாத எண்ணெயாக இருக்கும், அது தோலைப் புண்ணாக்கும். கைப்பிடி வெட்டிவேரைக் கழுவி, கொதிக்கவைத்து வடிகட்டி, அந்த நீரிலேயே படிகாரத்தைக் கரைத்தால் மணத்துக்கு மணம், ஆபத்தும் குறைவு.

இயற்கைப் பொருள்தானே என்று எலுமிச்சையைத் தேய்ப்பவர்களை எச்சரிக்காமல் விட முடியாது. சாற்றின் பிஎச் சுமார் 2, புதிதாகச் சுரண்டிய தோலுக்கு மிகக் கடுமை. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபுரானோகூமரின்கள் வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் நம் செல்களைத் தாக்கும். ஓரிரு நாளில் கொப்புளம் எழும். ஆறியபின் கறுப்புத் தடம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். எலுமிச்சை தேய்த்த முகத்தோடு நம் ஊர் வெயிலில் இறங்கி நடப்பதை நினைத்துப்பாருங்கள்.

கடைச் சரக்கில் பதப்படுத்தும் பொருள் இருக்கிறது, வீட்டுச் சரக்கில் இல்லை. கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்ளுங்கள். கற்றாழைச் சோறு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். கலங்கினாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள். எதையும் முகத்தில் பூசுமுன் முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பார்க்கவேண்டும்.

சவரம் செய்த ஒவ்வொரு முறையும் தாடைக்குக் கீழே கட்டி கட்டியாக வீங்குகிறவர்களுக்குப் படிகாரமும் கற்றாழையும் தீர்வு அல்ல. ஒட்ட வெட்டிய சுருள்முடி வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்தி ஏறுவதால் வரும் வீக்கம் அது. அவர்கள் பிளேடை விட்டுவிட்டு, டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டவேண்டும். அப்படியும் சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.