தொடை பெரிது, குடும்பம் சிறிது

தில்லியின் கிறிஸ்துமஸ் மேஜையில் ஹாம் இன்னும் இருக்கிறது. சுற்றி உட்கார ஆள்தான் குறைந்துவிட்டார்கள்.

டிசம்பர் பிற்பாதியில் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பன்றி இறைச்சிக் கடையைக் கண்டுபிடிக்க வழி கேட்கவேண்டியதில்லை. மலையாளி நர்ஸ், மிசோ மாணவி, கோவாக்காரர் எனக் கூட்டமே காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்திலேயே ஜோர் பாகில் பிக்போ கடை. ஹாம், பேக்கன் என்றால் பலருக்கு நினைவு வருவது அதுதான்.

தமிழகத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகை என்றால் ஆட்டு பிரியாணி, முறுக்கு, அதிரசம். ஹாம் ஆங்கிலோ இந்தியர்களின் சமாசாரம். பெரம்பூரிலும் திருச்சி பொன்மலையிலும் ரயில்வே காலனிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடை. உப்பில் ஊறவைத்து, பல சமயம் புகையும் காட்டிப் பதப்படுத்தியது. நம் உப்புக்கண்டத்தின் பணக்காரப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம்.

உப்போடு சேர்ந்த இன்னொரு சரக்கு வெடியுப்பு. இதை வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவரவில்லை, இங்கிருந்து கொண்டுபோனான். பீகார் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவில் வாங்கிக் கப்பலேற்றியது, முக்கியமாகத் துப்பாக்கி மருந்துக்காக. அதே உப்புதான் இறைச்சியைக் கெடாமல் காத்து, இளஞ்சிவப்பு நிறத்தையும் கொடுத்தது. இன்றைய தொழிற்சாலைகள் பெரும்பாலும் சோடியம் நைட்ரைட்டுக்கு மாறிவிட்டன. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. வருஷத்துக்கு ஒருநாள் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையான சிக்கல் கணக்கில் இருக்கிறது. எலும்போடு ஒரு முழுத் தொடை ஆறேழு கிலோ எளிதாக வரும். இருபது பேர் உட்காரும் மேஜைக்கான பண்டம் அது. அத்தை, சித்தப்பா, கல்யாணமாகாத மாமா என்று எல்லோரும் கூடிய காலத்தில் அது பொருந்தியது. ரயில்வே, சுங்கம், தபால்தந்தி வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு அரசியல் சட்டம் தந்த சலுகை பத்தாண்டுகளில், 1960இல், முடிந்தது. சுதந்திரத்தோடு தொடங்கிய வெளியேற்றம் நிற்கவில்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று குடும்பங்கள் கிளைகிளையாகக் கிளம்பின. மக்களவையில் அவர்களுக்கிருந்த இரண்டு நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு போயின. இங்கே தங்கிவிட்ட வயதான தம்பதிக்கு ஆறு கிலோ தொடை எதற்கு? மூன்று கிலோ துண்டோ, எலும்பு நீக்கிக் கட்டிய உருளையோ போதும்.

அடுப்பும் அதைத்தான் சொல்கிறது. தில்லி ஃபிளாட்டின் மேஜை அவனில் முழுத் தொடை நுழையாது. வீட்டில் கலந்த கேக் மாவை பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவது வட இந்தியக் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டு போனால் எந்த பேக்கரிக்காரரும் யோசிப்பார்.

குளிர் இருக்கிறதே என்று பச்சைத் தொடையை வாங்கி வீட்டிலேயே உப்புப் போட நினைப்பவர்கள் கவனிக்க: தில்லியில் டிசம்பர் இரவு எட்டு டிகிரிக்குக் கீழே போனாலும் பகல் இருபதைத் தொடும். இறைச்சி கெட அது போதும். பதப்படுத்தியதையே வாங்கி, வேகவைத்ததா வேகாததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வேகாததென்றால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கவேண்டும். பிறகு மிளகு, வெங்காயம், பிரிஞ்சி இலையோடு கிலோவுக்கு முக்கால் மணி வீதம் மெல்லிய கொதியில் வேகவைக்க வேண்டும். தளபுளவென்று கொதித்தால் இறைச்சி நார்நாராகிவிடும். தோலை உரித்து, கொழுப்பை மட்டும் விட்டுவைத்து, அதில் சாய்சதுரமாகக் கீறி, கட்டத்துக்கொரு கிராம்பு குத்தவேண்டும்.

மேலே பூசும் பாகில்தான் நம் ஊர் ஜெயிக்கிறது. வெளிநாட்டுச் சமையல் புத்தகம் பழுப்புச் சர்க்கரை என்று சொல்லும் இடத்தில் வெல்லம். அதோடு அரைத்த கடுகும் அன்னாசிச் சாறும். உப்பேறிய கொழுப்பின் மேல் வெல்லத்தின் மணம் ஏறும்போது வரும் வாசனையைப் பழுப்புச் சர்க்கரை தரவே தராது. முதலிலேயே பூசினால் கருகிவிடும். கடைசி அரைமணி நேரம் 200 டிகிரியில் இரண்டு மூன்று தடவை பூசினால் போதும்.

இந்த வாசனை ஜன்னல் தாண்டும்போது இன்னொரு பிரச்சினை. சைவக் குடும்பத்துக்கு மட்டுமே வீடு தரும் உரிமையாளர்கள் தலைநகரில் குறைவில்லை. இதில் அதிகம் அடிபட்டவர்கள் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். ஒரு கல்யாண விருந்துக்குப் பன்றிக்கறி சமைக்க அவர்கள் படும் பாட்டைத்தான் ‘ஆக்ஸோனே’ என்ற 2019ஆம் ஆண்டுப் படம் சொன்னது.

ஆனால் தொடையின் கணக்கை நேர்செய்யக்கூடியவர்களும் அவர்கள்தான். முனிர்காவிலும் ஹுமாயுன்பூரிலும் அறைக்கு மூன்று பேராக இருக்கும் நாகா, மிசோ, காசி இளைஞர்களுக்குப் பண்டிகை என்றால் பன்றிதான். அவர்கள் ஊர்ப் பழக்கம் புகைபோட்ட கறி. வெல்லப் பாகு அல்ல. ஊருக்குப் போக விடுமுறையோ டிக்கெட்டோ கிடைக்காதவர்கள் ஒரே அறையில் கூடினால் இருபது பேர் தேறுவார்கள். மாடியில் இருக்கும் முதிய தம்பதிக்கு அவன் இருக்கிறது, கீழே இருப்பவர்களுக்குப் பசி இருக்கிறது. படியேறிப் போய்க் கூப்பிடுவதற்குத்தான் இந்த நகரத்தில் கூச்சம்.

மிஞ்சிய இறைச்சி மறுநாள் வெங்காயம், பச்சைமிளகாயோடு வதங்கி ஜால்ஃப்ரேசி ஆகும். எலும்பு பருப்போடு குக்கருக்குப் போகும். அதற்கு உப்புப் போடவேண்டியதில்லை.