சண்டை மீனும் அதன் உணவும்

சயாம் நாட்டு நெல்வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் வாழ்ந்த சிறு மீனொன்று, இந்நாளில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களிற் பல இல்லங்களின் மேசைமீது கண்ணாடிக் குவளையில் வதிகின்றது. ஆண் மீன் இரண்டு எதிர்ப்படின் செவுள்மூடி விரித்துப் பொருதலின் அதனைச் சண்டை மீன் என்பர். கடைக்காரர் பெட்டா என வழங்குவர். தாய்லாந்து என இன்று பெயர்பூண்ட அந்நாடு, 2019-ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது.

இது நமக்கு முற்றிலும் அயலானதன்று. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டை இதற்கு உறவினது. அம்மீன் பனைமேல் ஏறக் கண்டதாகத் தரங்கம்பாடியிலிருந்த தால்தோர்ப் என்னும் டேனிஷ் அலுவலர் எழுதிய குறிப்பு 1797-இல் வெளிவந்தது. இரண்டும் தலையிலுள்ள ஓர் உறுப்பினால் வெளிக்காற்றையும் உயிர்க்க வல்லன. அதுபற்றியே சண்டை மீனைச் சிறு குவளையில் அடைத்து விற்கின்றனர். மூச்சு விடற்கு இடர் இல்லையெனினும், உணவினால் வரும் இடர் ஆண்டு மிகுதி.

மயிலைத் திருக்குளத்து மீன்களுக்குப் பொரி தூவுதல் நம் ஊரார்க்குப் பழகிய வழக்கம். குளத்து மீன்களிற் பல தாவரப் பொருளையும் உண்டு செரிக்கும்; நீரும் பெரிது. அங்ஙனம் தூவிப் பழகிய கையே வீட்டுக் குவளையிலும் பொரியையும் ரொட்டித் துணுக்கையும் இடுகின்றது. சண்டை மீனோ ஊனுண்ணி. அதன் வாய் மேனோக்கி அமைந்திருத்தலைக் காண்க. நீர்ப்பரப்பில் வீழும் பூச்சியையும் மிதக்கும் கொசுப்புழுவையும் கவ்வுதற்கு ஏற்ற வாய் அது. குடலும் குறியது, மாப்பொருள் அதற்கு ஒவ்வாது. கடையில் உருண்டை உணவு வாங்குவோர், உறையிற் பொருள்வரிசையைப் படித்து, மீன்தூளோ பூச்சித்தூளோ முதற்கண் நிற்பதனையே கொள்க. கோதுமை மாவு முதலில் நிற்பின் விடுக.

எவ்வளவு இடுவது? அதன் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவினது என்பர். சிற்றுருண்டை இரண்டு அல்லது மூன்று, காலையும் மாலையும் இட்டாற் போதும். ஒவ்வொன்றாய் இட்டு, உண்டபின் அடுத்ததை இடுக; உலர்ந்த உணவாயின் சிறிது நனைத்து இடுதல் நன்று. வாரத்தில் ஒரு நாள் பட்டினி விடுதலும் பலர் கைக்கொள்ளும் முறை. ஆளைக் கண்டதும் கண்ணாடியருகே ஓடிவந்து துள்ளுதல் பசியன்று, பழக்கமே. இதனை உணராது இரங்கி இடும் அன்பர் கையிலேதான் இம்மீன்கள் பெரிதும் மடிகின்றன. எஞ்சிய உணவு அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாகும். குவளை சிறிதாயின் நஞ்சு விரைவிற் செறியும். பொங்கலுக்கு ஊர் செல்வோர் ஒரு பிடி உணவைக் கொட்டிச் செல்லுதல் கொடிது. நலமுள்ள வளர்ந்த மீன் மூன்று நான்கு நாள் உணவின்றி இருக்கும்.

நீரின் வெம்மையும் கருதற்பாலது. 24 முதல் 28 பாகை வரை அதற்கு இனிது. சென்னையில் அது எளிது. ஆனால் இரவெல்லாம் குளிரூட்டிய அறையிற் செரிமானம் தளரும். ஆண்டு உணவைக் குறைக்க.

உயிருணவிற் கொசுப்புழுவே தலையாயது. எனினும் நம் நகரத்துக் கிணறும் மாடித் தொட்டியும் மலேரியாக் கொசுவிற்குப் பிறப்பிடம் என்பது தெரிந்ததே. மீனுக்கென்று மொட்டைமாடியிற் சட்டிநீரைத் திறந்து வைப்போர், தம் மீனை வளர்த்து அயலாரைக் காய்ச்சலில் ஆழ்த்துவர்! நம் வெயிலில் ஒரு வாரத்திற்குள் புழு கொசுவாகிவிடும். மெல்லிய துணியால் இறுக மூடி, நாள்தோறும் வடித்தெடுக்க இயலாதார், உறையவைத்து விற்கும் இரத்தப்புழுவை வாங்குதலே தக்கது. கழிவுநீர்க் கால்வாயிற் பிடித்த புழு நோயைக் கொணரும்.

வயிறு புடைத்து மீன் சோர்ந்திருப்பின் ஓரிரு நாள் உணவை நிறுத்தி, பின் நீர்த்தெள்ளு சிறிது தருக. அதன் ஓடு மலத்தை இளக்கும். செதிள்கள் சிலிர்த்து நிற்பின் அது வேறு நோய், பட்டினியால் தீராது.