அலோபதி, சித்த மருத்துவப் பட்டப்படிப்புகள்

எம்.பி.பி.எஸ். (அலோபதி), பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவம்) என்பன தமிழ்நாட்டில் பயிலக்கூடிய இளநிலை மருத்துவப் பட்டப்படிப்புகள் ஆகும். இரண்டும் நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் கொண்டவை. இரண்டிற்கும் நீட் தேர்வில் தகுதி பெறுதல் வேண்டும்.

கல்லூரிகள்

ராயக்கோட்டை அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் பாளையங்கோட்டையிலும் (1964) சென்னையிலும் உள்ளன. எனவே இப்பகுதி மாணவர் அரசுக் கல்லூரியில் சித்த மருத்துவம் பயில வெளியூர் செல்ல நேரிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு (2020) இரு படிப்புகளுக்கும் பொருந்தும்.

தொழில் உரிமை

அலோபதிக் கல்வியைத் தேசிய மருத்துவ ஆணையமும், சித்த மருத்துவக் கல்வியை இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையமும் ஒழுங்குபடுத்துகின்றன. சித்த மாணவர்கள் உடற்கூற்றியல், உடலியங்கியல் ஆகியவற்றையும் கற்கின்றனர். எனினும், இந்திய மருத்துவப் பட்டதாரிகள் மாநில அரசின் அனுமதியின்றி அலோபதி மருந்துகளைப் பரிந்துரைக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1998 இல் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தின் அனுமதி மற்றொரு மாநிலத்தில் செல்லாது. ஆகையால் ஓசூரைக் கடந்து கருநாடகத்தில் பணியாற்ற விரும்புவோர் அம்மாநில விதிகளையும் அறிதல் வேண்டும்.

ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவில் ஆஸ்டியோபதி (டி.ஓ.), அலோபதி (எம்.டி.) ஆகிய இரு பட்டங்களும் மருந்து அளிக்கவும் அறுவை மருத்துவம் செய்யவும் முழு உரிமை தருகின்றன. அங்கு அத்தேர்வு பெரும்பாலும் கல்லூரியைப் பற்றியது. தமிழ்நாட்டில் அது பிற்காலத்தில் எவ்வகை மருத்துவம் செய்யலாம் என்பதையே தீர்மானிக்கிறது.